ஏறினால் சரி எண்டு நினைத்தோம்

பட்டிருப்புப் பாலத்தில் கார் ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. டக், டக், டக். வேகத்தைக் குறைத்தால் சத்தமும் மெதுவாகும், கூட்டினால் அதுவும் கூடும். பின்சீற்றில் மாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். இரவு பதினொரு மணி இருக்கும். பழுகாமத்தில் இருந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போக எங்களுக்கு இந்தப் பாலம்தான் வழி. படுவான்கரையில் யாருக்காவது அவசரம் என்றால் முதலில் வாவியைக் கடக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரை ஓரமாக நிறுத்தி போன் வெளிச்சத்தில் பார்த்தோம். முன்பக்க இடது சில்லில் நான்கு நட் இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தன. அதில் ஒன்று விரலால் திருகச் சுற்றியது. இன்னொன்று லேசாக ஆடியது. மிச்சம் இருந்த ஒரேயொரு நட்தான் சில்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே வாவி. எங்களில் ஒருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மாமியை ஓட்டோவில் ஏற்றி அனுப்பினோம். இரண்டு நாள் வார்ட்டில் வைத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த இரவை எங்களால் மறக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சில்லுகளைப் போட்டது நாங்கள்தான். ஆசைப்பட்டு, காசு சேர்த்து, போட்டோ பிடித்துப் போட்டோம்.

கார் ஒரு சுசுகி வேகன் ஆர். எங்களில் ஒருவனுடையது, லீசிங்கில் ஓடுவது. பகலில் ஹயர் ஓடும். வார இறுதியில் எங்கள் வாசிப்பு வட்டத்தின் புத்தகப் பெட்டிகளை ஏற்றும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருசத்தில் கார் மாற்றுகிற கதையே இல்லை, இருக்கிறதை வைத்து ஓட்டு, வடிவாக்கிப் பார் என்பதுதான் கதை. நாங்களும் வடிவாக்கினோம். ஒரு விட்ஸ் காரில் இருந்து கழற்றிய, கடையில் தனியாக வாங்கிப் போட்டிருந்த அலோய் வீல் நான்கு, பாவித்தவை, நல்ல விலைக்கு வந்தது.

நாங்கள் ஒன்றும் பார்க்காமல் வாங்கவில்லை. எத்தனை ஓட்டை என்று பார்த்தோம்: நாலு. ஓட்டைகள் அமைந்திருக்கிற வட்டத்தின் விட்டம் பார்த்தோம்: 100 மில்லிமீற்றர், வேகன் ஆருக்கும் அதுதான். நடுத்துளை பார்த்தோம்: கடை அலோய்களில் அது பெரிதாக இருக்கும், ஒரே வீல் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக. விட்ஸுக்கும் வேகன் ஆருக்கும் ஹப்பின் அளவு 54.1 மில்லிமீற்றர். ஆகவே விட்ஸுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் வளையமே எங்களுக்கும் சரியாக உட்கார்ந்தது. அளவெல்லாம் கடவுளே பார்த்துச் செய்ததுபோல் இருந்தது.

விற்றவர் ஒரு பொலித்தீன் பையையும் தந்தார். உள்ளே பதினாறு நட், பளபளவென்று. "இதையும் கொண்டுபோங்க, சும்மாதான்." அந்தப் பையைப் பற்றி நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நட் என்றால் நட்தானே.

அங்கேதான் பிழைத்தது. டொயோட்டா கார்களின் ஸ்டட் பொதுவாக 12 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1.5 மில்லிமீற்றர். ஹொண்டாவும் அப்படித்தான். சுசுகியும் அதே 12 மில்லிமீற்றர்தான். ஆனால் புரி இடைவெளி 1.25. நிசானும் அந்தப் பக்கம். தடிப்பு ஒன்று என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. டொயோட்டா நட்டை சுசுகி ஸ்டட்டில் வைத்துக் கையால் திருகினால் இரண்டு, மூன்று சுற்று ஏறும். அதற்குப் பிறகு இறுகும். ஏன் என்று கணக்குப் பார்த்தால் விளங்கும்: 1.5 மில்லிமீற்றரில் ஐந்து புரி என்பது 7.5 மில்லிமீற்றர், 1.25 இல் ஆறு புரியும் அதே 7.5. ஐந்து சுற்றுக்குள் ஒரு முழுப் புரி விலகிவிடுகிறது. இரும்பு இரும்பின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

கையால் போட்டிருந்தால் அந்த இடத்தில் நின்றிருப்போம். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் ஒரு ஹயர் இருந்தது. டயர் கடையில் "கெதியா, கெதியா" என்று அவசரப்படுத்தியதும் நாங்கள்தான். எயார் கன்னை வைத்து அழுத்தினார்கள். கன்னுக்குப் புரி தெரியாது. ஸ்டட்டின் புரியை அரைத்துக்கொண்டு நட் உள்ளே போனது. சத்தம் வந்தது, இறுகியது, கார் ஓடியது. உண்மையில் சில்லு இறுகவில்லை, புரிதான் சிக்கியிருந்தது.

இதை எங்களுக்கு விளக்கியவர் களுவாஞ்சிகுடிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் வயதான பாஸ் ஒருவர். அடுத்த நாள் காரை இழுத்துக்கொண்டுபோனோம். ஒரு நட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உள்ளே ஊசி ஊசியாக இரும்புத் தூள்.

"மனே, நட்டு ஏறினாச் சரி எண்டு நினைக்கப் படாது. அது கையால கடைசி வரைக்கும் ஏறணும். கன் எல்லாம் அதுக்குப் பிறகுதான்."

நாங்கள் அதுவரை நினைத்தது, சில்லின் பாரத்தை அந்த நான்கு கம்பிகள்தான் தாங்குகின்றன என்று. பாஸ் அதையும் திருத்தினார். இறுக்கும்போது ஸ்டட் ஒரு மயிரிழை அளவு நீளுகிறது, நீண்ட ரப்பர் நாடா இழுப்பதுபோல் சில்லை ஹப்போடு இழுத்து அமுக்குகிறது. அந்த அமுக்கத்தில் வருகிற உராய்வுதான் சில்லைப் பிடிக்கிறது. அமுக்கம் போனால் சில்லு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் அசையும். அசைய அசைய நட் கழரும், ஸ்டட் வளைந்து வளைந்து களைத்து ஒருநாள் முறியும். எங்களுக்கு முறியவில்லை. அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

சிநேகிதன் ஒருவன் உதவிக்கு ஹொண்டா பிட் காரின் நட் பதினாறு கொண்டுவந்தான். பாஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்று, புரி 1.5. இரண்டாவது, அதன் அடிப்பக்கம். நட்டின் அடி சில்லின் ஓட்டையில் உட்காருகிற இடம் மூன்று மாதிரி உண்டு. 60 பாகைக் கூம்பு, கடை அலோய்களில் பெரும்பாலும் இதுதான். பந்துபோல் உருண்டையானது, ஹொண்டாவின் கொம்பனி வீல்களுக்கு. தட்டையானது, வாஷரோடு வரும், டொயோட்டாவின் பல கொம்பனி அலோய்களில் இருக்கும். கூம்பு ஓட்டையில் உருண்டை நட்டை இறுக்கினால் முழுப் பரப்பும் தொடாது, ஒரு மெல்லிய வட்டக் கோட்டில் மட்டும் தொடும். அலுமினியம் மெதுவானது. அந்தக் கோடு தேயும், தேய நட் தளரும். புரி சரியாக இருந்தாலும் இந்தப் பிழை இரகசியமாக வேலை செய்யும்.

சுவிஸில் இருக்கிற எங்கள் அண்ணன் ஒருவருக்கு இந்தக் கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. அவருடைய கோல்ப் காரில் ஸ்டட்டே இல்லை. வோக்ஸ்வேகன், பென்ஸ், பிஎம்டபிள்யூ, பெஜோ போன்ற ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் ஹப்பில் ஓட்டைதான் இருக்கும், வெளியில் இருந்து போல்ட்டைத் திருக வேண்டும். அங்கே பனிக்காலத்துக்கு ஒரு செட் சில்லு, வெயில்காலத்துக்கு இன்னொரு செட். அண்ணனின் பனிக்காலச் சில்லு கொம்பனியுடையது, அதற்கு உருண்டை அடி போல்ட். வெயில்காலத்துக்குக் கடையில் வாங்கிய அலோய், அதற்குக் கூம்பு அடி. இரண்டும் 14 மில்லிமீற்றர், இரண்டுக்கும் புரி 1.5. இரண்டும் அழகாக ஏறும். "அதுதான் பயம். ஏறாட்டி நான் தப்பியிருவன்" என்றார். அதனால் இரண்டு பை வைத்திருக்கிறார், பைக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி.

போல்ட்டுக்கு இன்னொரு கேள்வியும் சேர்கிறது: நீளம். நீளம் என்றால் முழுப் போல்ட் அல்ல, தலையும் கூம்பும் போக மிச்சமாகும் தண்டு. அலோயின் ஓட்டைப் பகுதி இரும்புச் சில்லைவிடத் தடிப்பாக இருக்கலாம். அப்போது பழைய போல்ட் கட்டையாகிவிடும், இரண்டு மூன்று புரிதான் ஹப்பில் பிடிக்கும். சில்லை வெளியே தள்ள 15 மில்லிமீற்றர் ஸ்பேசர் வைத்தால் போல்ட்டும் 15 மில்லிமீற்றர் நீளமாக வேண்டும். அதற்காகக் கண்டபடி நீளமானதை வாங்கவும் கூடாது. ஹப்புக்குப் பின்னால் துருத்திக்கொண்டு பிரேக் பாகங்களில் முட்டும். குறைந்தது தண்டின் தடிப்பு அளவுக்காவது புரி உள்ளே பிடிக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 12 மில்லிமீற்றர் தண்டு, 1.5 புரி என்றால் எட்டுச் சுற்று. 1.25 என்றால் பத்துச் சுற்று. 14 மில்லிமீற்றருக்கும் ஒன்பது, பத்து வரும். ஸ்டட், நட் கார்களுக்கும் இதே கணக்குத்தான். திருகும்போது வாய்விட்டு எண்ணுங்கள்.

பிறகு, இறுக்கம். எங்கள் ஊரில் நட் இறுக்குவது என்றால் ஸ்பேனரின்மேல் ஏறி மிதிப்பது. 60 கிலோ ஆள், 30 சென்ரிமீற்றர் ஸ்பேனரில் ஏறி நின்றால் கிட்டத்தட்ட 176 நியூட்டன் மீற்றர் வருகிறது. எங்கள் வேகன் ஆரின் கையேட்டில் இருப்பது 85. வீரம் காட்டுவதாக நினைத்து ஸ்டட்டை இரண்டு மடங்குக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அண்ணனின் கோல்புக்கு 120. காருக்குக் கார் வேறு, ஆகவே கையேட்டைப் பார்க்காமல் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

வாவிக்காற்றில் துருப்பிடிக்கும் என்று புரிக்குக் கிறீஸ் பூசுகிற பழக்கமும் எங்களிடம் இருந்தது. புரி வழுக்கினால் டோர்க் ரென்ச் அதே எண்ணைக் காட்டும்போதே ஸ்டட் அதிகமாக இழுபட்டிருக்கும். பெரும்பாலான கொம்பனிகள் சொல்லும் அளவு காய்ந்த, சுத்தமான புரிக்கானது. துருவை வயர் பிரஷ்ஷால் உரசித் துடைத்தால் போதும். அதேபோல் சில்லுக்குப் பெயின்ற் அடிக்கும்போது நட் உட்காருகிற கூம்புக்குள் அடிக்கக் கூடாது. பெயின்ற் அமுங்க, நட் தளரும்.

சேதக் கணக்கு: பதினாறு ஸ்டட்டில் ஒன்பதை மாற்ற வேண்டி வந்தது. மிச்சம் ஏழும் வளையவில்லை, புரி தப்பியிருந்தது என்று பாஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார். நட்? வேகன் ஆரின் பழைய கொம்பனி நட் பதினாறும் வீட்டில் ஒரு ஷொப்பிங் பையில் கிடந்தன. 1.25 புரி, 60 பாகைக் கூம்பு. எங்கள் அலோய்க்கு அதுவே சரி. பளபளப்பு இல்லை என்று நாங்களே ஒதுக்கிவைத்தது.

இதில் எங்களுக்கு வெட்கமான விசயம் வேறு. எங்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்றில்லை. வாசிப்பு வட்டத்தில் ஒரு நாவலை மூன்று மணி நேரம் குடைந்து எடுப்போம். படம் பார்த்துவிட்டு வந்தால் எடிட்டிங் வரைக்கும் கதைப்போம். டயர் கடையில் மட்டும் வாயே திறக்கவில்லை. தெரியாத இடத்தில் கேட்டால் மட்டமாக நினைப்பார்கள் என்ற பயம். கன் சிக்கித் திணறியபோது சத்தம் மாறியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் "அண்ணன், ஒருக்கா நிப்பாட்டுங்க" என்று சொல்லவில்லை. அந்த ஒரு வசனத்துக்குத் தயங்கித்தான் மாமியைப் பாலத்தின் நடுவில் இறக்கினோம்.

இப்போது கேட்கிறோம். புரி எத்தனை? தெரியாவிட்டால் அடிமட்டத்தை ஸ்டட்டில் வைத்து எண்ணுகிறோம். ஒரு சென்ரிமீற்றருக்குள் எட்டுப் புரி வந்தால் 1.25, ஆறேமுக்கால் மட்டில் நின்றால் 1.5. அடி கூம்பா, உருண்டையா, தட்டையா? எத்தனை சுற்று ஏறுது? முதலில் எல்லா நட்டையும் கையால் போடச் சொல்கிறோம். பிறகு எதிரெதிராக, சில்லு நிலத்தைத் தொட்ட பிறகு கடைசி இறுக்கம், டோர்க் ரென்ச்சால். 50 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஒருமுறை. எங்களுக்கு ஒருதரம் மட்டக்களப்புக்குப் போய்வந்தால் அந்தத் தூரம் வந்துவிடும். சில கடைகளில் முகம் சுழிப்பார்கள், சுழிக்கட்டும்.

போன மாதம் மாமிக்கு கிளினிக் இருந்தது. காரில் ஏற முதல் முன்பக்கச் சில்லுக்குக் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார்.

"நாலும் இரிக்கிதாகா?"

எண்ணிக் காட்டினோம். அதற்குப் பிறகுதான் ஏறினார்.