படபடப்பு போன பிறகு

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசும்போதே, "இப்பக்கூட இடது பக்கம் சுருக்குன்னுச்சுக்கா" என்று நடுவில் ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுசாகப் படி.

உன் கேள்வி நியாயமானது. சைதாப்பேட்டையில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்து, "செத்துடப் போறேன்" என்று நினைத்தது மிஞ்சிப்போனால் இருபது நிமிஷம். கேஷுவால்டியில் ஈசிஜி எடுத்தார்கள், ட்ரோபோனின் பார்த்தார்கள், மறுநாள் எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் குறையில்லை. பேனிக் அட்டாக் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அட்டாக் போய்விட்டது. நெஞ்சு இறுக்கம் போகவில்லை. விரல் நுனியில் மதமதப்பு, தொண்டையில் ஏதோ உருண்டை, நடந்தால் பஞ்சின் மேல் கால் வைப்பதுபோல், தூக்கம் பிடிக்கிற நேரத்தில் ஒரு திடுக். "எல்லாம் நார்மல்னா இதெல்லாம் என்னக்கா?" என்று கேட்டாய். நார்மல் என்று அனுப்புகிறவர்கள் இந்த மிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். அநேகமாக யாரும் சொல்வதில்லை. வார்டில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

நம் கிணற்று மோட்டாரை நினைத்துப் பார். ஸ்விட்சை அணைத்த பிறகும் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், கடைப் பாத்திவரை போய்த்தான் அடங்கும். அன்றைக்கு உன் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கிற சின்னச் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டின. அது ரத்தத்தில் சில நிமிஷங்களுக்கு மேல் தங்காது. ஆனால் கூடவே வந்த கார்டிசால் மணிக்கணக்கில் இருக்கும். இறுகிய தசை இளக நாள் கணக்கில் ஆகும். உன் நெஞ்சு வலியை எடுத்துக்கொள். அந்த இருபது நிமிஷமும் நீ வயிற்றால் மூச்சு விடவில்லை. மேல் மார்பாலும் கழுத்து நரம்பு புடைக்கக் கழுத்தாலும் இழுத்தாய். விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய தசைகளுக்கு அது பழக்கமில்லாத வேலை. அவை வலிக்கத்தான் செய்யும். அதன் பிறகும் நீ தோளைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாய். வீடியோ காலில் பார்த்தேன், காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது தோள். தொண்டை உருண்டையும் இதே சங்கதிதான். சோறு விழுங்கும்போது அது தெரிகிறதா? தெரியாது. வெறும் எச்சில் விழுங்கினால்தான் தெரியும். அங்கே உண்மையில் அடைப்பு இருந்தால் முதலில் சோறுதான் சிக்கும்.

மதமதப்புக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகப் படி, ஏனென்றால் உனக்கு எல்லோரும் தப்பான யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூச்சு முட்டுகிறது என்று நீ ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கிறாய், 98, 99 என்று காட்டுகிறது. மெஷின் கோளாறா என்று சந்தேகம் வேறு. மெஷின் சரியாகத்தான் சொல்கிறது. உனக்குக் காற்று பற்றாமல் இல்லை, கூடிப்போய்விட்டது. வேகமாகவோ ஆழமாகவோ மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், ரத்தத்தின் காரத்தன்மை ஏறும், அதனால் நரம்புகளுக்குக் கிடைக்கிற கால்சியத்தின் அளவு மாறும். விரலும் உதட்டு ஓரமும் மதமதக்கும். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்களும் கொஞ்சம் சுருங்கும். அதில்தான் தலை லேசாகி, சுற்றியிருப்பதெல்லாம் கனவுபோல ஆகிறது. அட்டாக் முடிந்த பிறகும் நீ நிமிஷத்துக்கொரு பெருமூச்சு விடுகிறாய், கொட்டாவியாக விடுகிறாய். அந்தப் பெருமூச்சுகளே கார்பன் டை ஆக்சைடை ஏறவிடாமல் பிடித்துவைக்கப் போதும். இந்த நிலையில் உள்ளவனிடம் "நல்லா ஆழமா மூச்சை இழு" என்பது எரிகிற அடுப்பில் விறகு வைக்கச் சொல்வதுதான். நீ இழுக்காதே. விடுவதை நீட்டு. மூக்கால் சாதாரணமாக நாலு எண்ணிக்கை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே, வயிறு மட்டும் அசையட்டும். பேப்பர் பையை வாயில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டாம், இப்போது அதைப் பெரும்பாலும் சிபாரிசு செய்வதில்லை.

இதற்கு மேல் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது ஒன்றுதான். நாடித் துடிப்பு காட்டுகிற அந்த வாட்சையும் ஆக்சிமீட்டரையும் பீரோவில் வைத்துப் பூட்டு. சாவியை உன் மனைவியிடம் கொடு.

கோபப்படாதே. 1986இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இதை எழுதிவைத்தார். உடம்பில் ஒரு சின்ன உணர்வு வருகிறது, அதை ஆபத்து என்று மனசு படிக்கிறது, பயம் வருகிறது, பயம் அந்த உணர்வையே பெரிதாக்குகிறது, "பார், நான் சொன்னேனில்லையா" என்று மனசு மறுபடி படிக்கிறது. மிச்சமிருக்கிற அறிகுறிகள் தானாக அடங்கும், அவற்றை நீ அடங்க விடாமல் செய்வது இப்படிச் சோதித்துப் பார்ப்பதால்தான். நாடியைப் பிடித்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உடம்புக்கு நீ சொல்வது, "ஆபத்து இன்னும் போகவில்லை, விழித்திரு" என்று. அப்புறம் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது போல் வருகிறது என்றாயே, அது இடையில் முந்திக்கொண்டு வருகிற ஒரு துடிப்பு. நல்ல இதயத்திலும் வரும். தூக்கமில்லாத நாளிலும் காபி கூடின நாளிலும் அதிகம் வரும். நீ கவனித்துக்கொண்டே இருப்பதால் உனக்கு மட்டும் தெரிகிறது.

கிளேர் வீக்ஸ் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். இளவயதில் அவருக்கே இந்தப் படபடப்பு வந்து, காசநோய் என்று சந்தேகப்பட்டு சானடோரியத்தில் வைத்தார்கள். வெளியே வந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. முதல் உலகப் போருக்குப் போய்வந்த ஒரு நண்பர்தான், போர்முனையில் சிப்பாய்களுக்கும் இப்படித்தான் இருந்தது, பயம்தான் இதயத்தை ஓடவைக்கிறது என்று விளக்கினாராம். பின்னால் வீக்ஸ் டாக்டராகி 1962இல் எழுதிய புத்தகத்தின் சாரம் நாலே நாலு சொல்: எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, நாள் போகட்டும் என்று விடு. கடைசிச் சொல்தான் உனக்குக் கஷ்டம். சின்ன வயதிலிருந்தே உனக்கு எல்லாம் உடனே ஆகணும்.

நம் அம்மாவுக்கும் இது இருந்தது. நீ அப்போது கைப்பிள்ளை. அப்பா வெளியூரில் வேலை பார்த்த நாட்களில் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து "என்னமோ பண்ணுது, நெஞ்சை அடைக்குது" என்பாள். ஆச்சி ஓம வாட்டர் கொடுத்து, திருநீறு பூசி, "வாயு" என்பாள். பக்கத்து வீட்டு அத்தை, பயந்த கோளாறு என்று மந்திரிக்கக் கூட்டிப்போனாள். விடிந்ததும் அம்மா வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். கை நடுங்கும், இழை கோணிக்கொண்டு போகும், அப்படியே முடிப்பாள். இதை வீரம் என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான். நல்ல டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தால் அத்தனை வருஷம் தனியாகத் தாங்கியிருக்க வேண்டாம். ஆனால் நடுக்கம் நின்ற பிறகு கோலம் போடலாம் என்று அவள் காத்திருக்கவில்லை பார், அதை மட்டும் நீ எடுத்துக்கொள்.

நீயோ காத்திருக்கிறாய். முழுசாகச் சரியான பிறகு ரயில் ஏறுவேன் என்கிறாய். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடிக்குமே என்று லிஃப்டுக்கு நிற்கிறாய். எக்கோ பார்த்த டாக்டரே நடக்கலாம், ஏறலாம் என்று சொன்ன பிறகு எதற்குப் பயம்? தினம் சாயங்காலம் வேண்டுமென்றே மாடி ஏறி இறங்கு. நெஞ்சு அடிக்கட்டும், மூச்சு வாங்கட்டும், உட்கார்ந்து அது அடங்குவதைப் பார். அடங்கும் என்பதை உடம்பு செய்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும், என் கடிதத்தைப் படித்துக் கற்றுக்கொள்ளாது. ரயிலும் அப்படியே. கூட்டமில்லாத மத்தியானத்தில் குரோம்பேட்டையில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கித் திரும்பு. அது சலித்த பிறகு கிண்டிவரை. அப்புறம் சைதாப்பேட்டை. வழியில் படபடப்பு வந்தால் அது உச்சத்தில் இருக்கும்போது மட்டும் இறங்கிவிடாதே. இறங்கினால், இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று மனசு கணக்கு எழுதிவிடும். மயங்கி விழுந்துவிடுவேனோ என்றாய். பெரும்பாலும் பிரஷர் இறங்கினால்தான் மயக்கம் வரும். பேனிக்கில் பிரஷர் ஏறும்.

மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் நண்பன் வாங்கித் தருகிறேன் என்றானே அல்பிரசோலம், அதைத் தொடாதே. அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு. மனநல டாக்டர் தேவையென்று பார்த்து எஸ்சிட்டலோப்ராமோ செர்ட்ராலினோ கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடு. அது வேலை செய்ய வாரங்கள் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடும். நீயாக நிறுத்தாதே.

ஒன்று மட்டும் மறக்காதே. நடக்கும்போது வந்து நின்றால் குறைகிற நெஞ்சு வலி, தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி, நினைவு தப்புவது, ஒரு பக்கக் கை கால் இழுப்பது, இப்படி ஏதாவது வந்தால் "அக்கா பேனிக்குன்னு சொன்னா" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதே. 108ஐக் கூப்பிடு.

மனநல டாக்டர் என்றதும் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்றாய். நினைக்கட்டும். சென்னையில் இருந்துகொண்டு இதற்கு நீ யோசிக்கலாமா? கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இலிருந்து இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் மனநல ஓபி உண்டு. ராத்திரி தூக்கம் வராமல் பயம் பிடித்தால் 14416க்குப் போன் செய், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. நாளை மறுநாள் காலையில் லீவு போட்டு ஓபிக்குப் போ. இதுவரை எடுத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுக்கொண்டு போ, திரும்பவும் ஈசிஜி எடுக்கச் சொல்லி நீயாகக் கேட்காதே. போய்விட்டு வந்து எனக்குப் போன் பண்ணு. செவ்வாய்க்கிழமை எனக்கு நைட் டியூட்டி, பகலில் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் அக்கா