14-ஆம் எண் அறையில் ஒரு ரத்தப் பரிசோதனை

அரசு மருத்துவமனையில் சிபிலிஸ் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "பேரைச் சொல்லிக் கத்திக் கூப்பிடுவாங்க." "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரச் சொல்வாங்க." "ஆயிரம் கேள்வி கேட்பாங்க." சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த அறை வாசலை மிதித்தவர் இல்லை. நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

பேருந்து நிலையத்திலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒன்றரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் 15 ரூபாய். வாசலுக்கு எதிரே இளநீர் வண்டி, ஜெராக்ஸ் கடை, வரிசையாகத் தனியார் லேப்கள். ஒரு லேப்பின் கண்ணாடியில் விலைப்பட்டியல் ஒட்டியிருந்தது. சர்க்கரை 60, தைராய்டு 350, வி.டி.ஆர்.எல். 250. கடைசியில் இருப்பதுதான் சிபிலிஸுக்கானது. உள்ளே போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கி, "யாருக்குக்கா?" என்றான். "எனக்குத்தான் தம்பி" என்றேன். நாற்காலியில் காத்திருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் யாருக்கு என்று இந்தக் குரலில் கேட்பதில்லை. சாலையைக் கடந்து அரசு மருத்துவமனைக்குள் போனேன்.

ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை. பெயர், வயது, ஊர் கேட்டார்கள். "உடம்புக்கு என்ன?" என்ற கேள்விக்குக் குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னேன். கவுன்டர் அம்மாவின் முகத்தில் மாற்றமே இல்லை. "சுகவாழ்வு மையம், 14-ஆம் நம்பர் ரூம். பிரசவ ஓ.பி.யைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்க" என்று சீட்டை நீட்டினார்.

ஃபினாயில் வாடை அடிக்கும் நீண்ட வராந்தா. பிரசவ ஓ.பி. வாசலில் கர்ப்பிணிகள் அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நர்ஸ் ஒவ்வொருவராக அட்டையை வாங்கிப் பார்த்து, "ஹெச்.பி., சுகர், ஹெச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். எல்லாம் எடுத்தாச்சா?" என்று உரக்கக் கேட்டார். "எடுத்தாச்சுக்கா" என்று இயல்பாகப் பதில் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபதடி தள்ளி 14-ஆம் எண் அறை. பச்சைத் திரை. வெளியே பெஞ்சில் கைக்குட்டையால் மூக்குவரை மூடிக்கொண்டு ஓர் இளைஞர். முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி ஒரு பெண். இரண்டு வாசலிலும் எடுப்பது ஒரே நோய்க்கான பரிசோதனைதான்.

பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, டோக்கன் எண்தான். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். பிறப்புறுப்பிலோ வாயிலோ புண் வந்ததா, உள்ளங்கையில் தடிப்பு உண்டா, கடைசியாக எப்போது உறவு என்று கேட்டார். "சொல்லப் பிடிக்கலைன்னா விட்டுடுங்கம்மா" என்றும் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கிருமி தொற்றி 10 நாளிலிருந்து 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்று வாரத்தில், புண் வரும். வலிக்காது. மருந்தே இல்லாமல் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறியும் போகும். "அதை நம்பித்தான் நிறையப் பேர் வராம இருந்துடுறாங்க. ஆறினது புண்ணுதான், நோய் இல்ல" என்றார். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரலாம்; அதுவும் மறையும். ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருந்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும்.

வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. முழங்கை மடிப்பில் ஊசி, சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம்; ஒரு நிமிட வேலை. எழுதுவதற்காக என்று சொல்லி, பரிசோதிப்பதைப் பார்க்க அனுமதி கேட்டேன். லேப் டெக்னீஷியன் தயங்கிவிட்டுச் சம்மதித்தார். உறைந்த ரத்தத்தைச் சுழற்றித் தெளிந்த சீரத்தைப் பிரித்தார். வட்டங்கள் அச்சிட்ட வெள்ளை அட்டையில் ஒரு சொட்டு விட்டுப் பரப்பி, அதன்மேல் கரித்தூள் கலந்த கறுப்புத் திரவத்தை ஒரு சொட்டு விட்டார். எட்டு நிமிடம் அட்டை சுழன்றது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த நோயுள்ள மாதிரியின் வட்டத்தில் பால் திரிந்ததுபோலக் கறுப்புத் துகள்கள் திட்டுத்திட்டாகக் கூடியிருந்தன. என்னுடைய வட்டத்தில் திட்டே இல்லை, ஒரே சாம்பல் நிறம்.

மதியம் ஒரு மணிக்குள் ரிப்போர்ட் கைக்கு வந்தது: 'நான்-ரியாக்டிவ்'. ரியாக்டிவ் என்று வந்தால்? உடனே முடிவு கட்டிவிடுவதில்லை என்றார் மருத்துவர். லூபஸ் போன்ற வேறு நோய்களாலும், சிலருக்குக் கர்ப்பத்தாலும்கூட அப்படிக் காட்டலாம். டி.பி.ஹெச்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனையில் உறுதி செய்வார்கள். பிறகு பென்சத்தின் பென்சிலின், 24 லட்சம் யூனிட், இடுப்பில் போடும் ஊசி. தொடக்க நிலையில் ஒரு முறை போதும். நாள்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். ஊசியும் இலவசம். துணைக்கும் சிகிச்சை தர வேண்டும், இல்லையென்றால் திரும்பத் தொற்றும். அண்மையில்தான் தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்; மிகச் சீக்கிரம் எடுத்தால் தெரியாமல் போகலாம்.

தாய்க்கு இந்த நோய் இருந்தால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். உரிய காலத்தில் போட்டால் அதே பென்சிலின் வயிற்றிலுள்ள பிள்ளையையும் காப்பாற்றும். அதற்காகத்தான் கர்ப்பிணிகளின் பட்டியலில் இந்தப் பரிசோதனையைச் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்த இடத்தில் கூச்சம் தானாகக் கழன்றுவிட்டது. மற்றவர்களுக்கும் கழலும். நாம் இதைச் சுகர், பிரஷர் போலச் சாதாரணமாகக் கேட்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். சந்தேகம் உள்ளவர்கள் புண் ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-க்குப் போன் போடுங்கள். அழைப்புக்குக் காசில்லை, பக்கத்திலுள்ள மையத்தைச் சொல்வார்கள்.