பழைய பொட்டியிலிருந்து புதுப் பொட்டிக்கு

வெப்சைட்டைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என்றால் என்ன, ஃபோல்டரைக் காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணு, சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணு, முடிந்தது என்பவர்கள் இருபது வருஷப் பழைய சைட் ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். வீடு மாற்றும்போது பீரோவும் கட்டிலும் வண்டியில் ஏறிவிடும். எந்த சுவிட்சைத் தட்டினால் எந்த லைட் எரியும், மோட்டாரை எத்தனை நிமிஷம் ஓடவிடணும் என்பதெல்லாம் ஏறாது. சைட் விஷயத்திலும் அதே கதைதான்.

என் மாமாவுக்குக் கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக் கடை. நாச்சியார்கோவில் குத்துவிளக்குதான் முக்கிய வியாபாரம். 2004-ல் அவரே ஃப்ரண்ட்பேஜ் 2003 வாங்கி, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு சைட் கட்டினார். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பக்கம். உயரம் எத்தனை அடி, எடை எத்தனை கிலோ, பிரபையில் அன்னம் இருக்கிறதா இல்லையா, வார்ப்பு எப்படி, கடைசல் எப்படி என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வைத்திருக்கிறார். மொத்தம் 143 பக்கம், 612 படம். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து இன்னமும் அதைப் பார்த்துத்தான் போன் வருகிறது. இது எல்லாம் இருந்தது ஒரு எக்ஸ்பி பொட்டியில். அதன் ஹார்ட் டிஸ்க் போன டிசம்பரில் "டிக் டிக்" என்று பேச ஆரம்பித்தது. புது லேப்டாப் வந்தது. கூடவே எனக்கு ஆணியும் வந்தது.

முதல் வேலை, டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேபிள் போட்டு லேப்டாப்பில் சொருகி, இருப்பதை இருக்கிறபடி ஒரு நகல் எடுத்ததுதான். சத்தம் போடும் டிஸ்கில் வேறு எதையும் முதலில் செய்யக் கூடாது. எக்ஸ்பியின் மை டாகுமெண்ட்ஸைத் திறந்தால் புது விண்டோஸ் "உனக்கு அனுமதி இல்லை" என்றது. ஃபோல்டரின் ஓனர்ஷிப்பை நம் பெயருக்கு மாற்றினால் திறக்கும். (பட்டா மாற்றுவதைவிட சுலபம்.) பிறகு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கமாண்டைப் பயன்படுத்தினேன். காரணம், முடிவில் அது ஒரு பட்டியல் போடும். மொத்தம் இத்தனை, காப்பி ஆனது இத்தனை, ஃபெயில் ஆனது இத்தனை. பி.காம் படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும், அசல் ட்ரையல் பேலன்ஸ்! ஃபெயில்டு 0.

ஆனால் ஒரு இடம் உதைத்தது. ஃப்ரண்ட்பேஜ் கணக்குப்படி சைட்டில் 755 ஃபைல். ரோபோகாப்பி 1,500-க்கு மேல் என்றது. கடைக்கு ரெண்டு கணக்கு நோட்டு இருப்பது போல! விஷயம் இதுதான். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃப்ரண்ட்பேஜ் தனக்கென்று ஒரு குட்டிக் குறிப்பு எழுதி, "விடிஐ" என்று பெயர் தொடங்கும் ஃபோல்டர்களில் ஒளித்து வைக்கிறது. வெர்மீர் டெக்னாலஜீஸ் இன்கார்ப்பரேட்டட் என்பதன் சுருக்கம் அது. ஃப்ரண்ட்பேஜை முதலில் செய்த கம்பெனி. மைக்ரோசாஃப்ட் 1996-ல் அதை வாங்கியது, 2006-ல் ஃப்ரண்ட்பேஜையே மூட்டை கட்டியது. பெற்றவர்களின் பெயர் மட்டும் மாமாவின் ஹார்ட் டிஸ்கில் இனிஷியலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஒளிந்த ஃபோல்டர்களைக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. எந்தப் பக்கத்துக்குக் கீழே எந்தப் பக்கம் என்ற அமைப்பு அதற்குள்தான் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் மேலே தெரியும் கடைப் பெயரும், இடது பக்க மெனுவும் "பார்டர்ஸ்" என்ற இன்னொரு மறைவு ஃபோல்டரில் இருந்து வருகின்றன. மெனுவில் ஒரு வரியை மாற்றினால் 143 பக்கமும் தானாக மாறும். அந்த வித்தை ஃப்ரண்ட்பேஜுக்கு மட்டுமே தெரியும். வேறு எடிட்டரில் திறந்தால் பக்கம் சரியாகத்தான் தெரியும், ஆனால் போன் நம்பர் மாறினால் 143 தடவை மாற்ற வேண்டும்.

அதனால் லேப்டாப்பில் ஃப்ரண்ட்பேஜையே ஏற்றிவிடலாமா என்று யோசித்தோம். ஆபீஸ் 2003-க்கான ஆதரவு 2014 ஏப்ரலில், எக்ஸ்பிக்கு நிறுத்திய அதே நாளில் நின்றுவிட்டது. சிடி இருக்கிறது, லேப்டாப்பில் சிடி போட ஓட்டை இல்லை. எப்படியோ ஏற்றினாலும் அடுத்த பொட்டி மாற்றும்போது இதே பாடுதான். வேர்டுபிரஸுக்கு மாறலாம் என்று நான் சொன்னேன். மாமா ஒரே வரியில் முடித்தார்: "மாப்ள, நான் இருக்கிறவரைக்கும் விலையை நானே மாத்தணும். ஒவ்வொரு தடவையும் உன்னைக் கூப்பிட முடியாதுடா."

நியாயம்தானே? பித்தளை விலை ஏறி இறங்குகிறது. பையன் செமஸ்டர் முடிந்து ஊருக்கு வரும்வரை வாடிக்கையாளர் காத்திருப்பாரா? சாஃப்ட்வேரை மாற்றுகிறோம் என்று நாம் சொல்வது அவருக்குக் கையை மாற்றுவது. எந்த மெனு எங்கே என்று யோசிக்காமல் போகிற கை அது.

நல்லவேளை, ஃப்ரண்ட்பேஜுக்கு வாரிசு ஒன்று உண்டு. எக்ஸ்பிரஷன் வெப். அதன் நான்காம் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2012 டிசம்பரில் இலவசமாக்கியது. மாமாவின் பெரிய பையன் அப்போதே இறக்கி டி டிரைவில் போட்டு வைத்திருந்தான். முகம் ஏறக்குறைய அதே முகம். ஆனால் பார்டர்ஸ் வித்தையை அது கைவிட்டுவிட்டது, பதிலுக்கு டைனமிக் வெப் டெம்ப்ளேட் என்று ஒன்று வைத்திருக்கிறது. அந்த டெம்ப்ளேட் ஃப்ரண்ட்பேஜ் 2003-லும் உண்டு என்பதுதான் இதில் சாவி. நகல் பத்திரமான பிறகு டிஸ்கைப் பழைய பொட்டியிலேயே மாட்டி, ஃப்ரண்ட்பேஜிலேயே டெம்ப்ளேட் செய்து, 143 பக்கத்தையும் அதில் இணைத்து, பார்டர்களை அணைத்தேன். பிறகு எக்ஸ்புளோரரில் இழுக்காமல், ஃப்ரண்ட்பேஜின் "பப்ளிஷ்" வழியாக ஒரு காலி ஃபோல்டருக்கு அனுப்பி, அதை பென்டிரைவில் கொண்டுபோனேன். பழைய பொட்டிக்கு மட்டும் தெரிந்ததை அது உயிரோடு இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

அடுத்து எழுத்து. சைட்டின் தமிழ் முழுக்க டிஸ்கி. 2004-ல் அது சரியான முடிவுதான். விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம். தமிழக அரசே 1999-ல் டேப், டேம் என்று இரண்டு முறைகளை ஏற்று, 2010-ல்தான் யூனிகோடுக்கு வந்தது. ஆனால் எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் திறந்ததும் மாமாவின் தமிழ் எல்லாம் ஐரோப்பியக் கிறுக்கல். பழைய ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எழுத்துருவைக் கொண்டுவந்தால் தமிழ் திரும்பிவிடும். நம் கண்ணுக்குத்தான். கூகுளுக்கு அது கிறுக்கலாகவே தெரிந்திருக்கலாம். இருபது வருஷமாக யாராவது "குத்துவிளக்கு" என்று தமிழில் தேடியிருந்தால் மாமாவின் கடை வராமலே போயிருக்கலாம். குத்துவிளக்கைப் பற்றித் தமிழில் இவ்வளவு எழுதியவருக்கு!

மாற்றுவது பெரிய கஷ்டமில்லை, வரிசை முக்கியம். டிஸ்கியில் "கொ" என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் க முதலில். எனவே ஃபைலை யூடிஎஃப்-8 ஆக சேவ் செய்தால் மட்டும் தமிழ் மாறாது, கன்வெர்ட்டர் வேண்டும். நான் என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் போட்டேன். டிஸ்கியில் ஆங்கில எழுத்துகள் தங்கள் இடத்திலேயே இருப்பதால் ஹெச்டிஎம்எல் குறிகளுக்குச் சேதாரம் இல்லை. இதே பாமினியாக இருந்திருந்தால் இங்கிலீஷும் சேர்ந்து தமிழாகி, பக்கமே காலி.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் உள்ளே பிழை இருக்கலாம், அதில் விடுபிழை என்று ஒரு வகை என்று பிளஸ் ஒன் அக்கவுண்டன்சியில் படித்திருப்பீர்கள். இங்கேயும் இருந்தது. லேப்டாப்பில் "எங்களைப் பற்றி" பக்கத்தைத் திறந்தால் தாத்தா படம் இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டம். கோடைப் பார்த்தேன். படத்தின் முகவரி சைட்டுக்குள் இல்லை, "ஃபைல்" என்று தொடங்கி, பழைய சி டிரைவில் மை பிக்சர்ஸைக் காட்டுகிறது. சேவ் செய்யும்போது படத்தைச் சைட்டுக்குள் சேர்க்கட்டுமா என்று ஃப்ரண்ட்பேஜ் ஒரு பெட்டி காட்டும். அந்தப் பெட்டி அன்றைக்கு வேண்டாம் என்று மூடப்பட்டிருக்க வேண்டும். எல்லா ஃபைல்களிலும் அந்த வார்த்தையைத் தேடினேன். ஒன்பது படங்கள் இப்படி.

இதன் அர்த்தம் என்ன தெரிகிறதா? அந்தப் படம் மாமாவின் பொட்டியில் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அவர் சைட்டை நெட்டில் பார்ப்பதே இல்லை, ஃப்ரண்ட்பேஜில் திறந்துதான் பார்ப்பார். கடையைத் தொடங்கிய தாத்தாவை ஊர் உலகமே பார்க்கிறது என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அப்பாவை யாருமே பாக்கலையாடா?" என்றார். மை பிக்சர்ஸில் இருந்த படத்தைச் சைட்டுக்குள் கொண்டுவந்து, அன்றைக்கு வேறு எதையும் ஏற்றாமல் அந்த ஒரு பக்கத்தை மட்டும் சர்வருக்கு அனுப்பினேன். தன் போனில் திறந்து பார்த்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சர்வர் பாஸ்வேர்டு 2006 டைரியின் பின்அட்டையில் கிடைத்தது. டொமைன் கணக்கு யாரும் திறக்காத ஒரு பழைய மின்னஞ்சலில் இருந்தது, அதை மீட்கப் பத்து நாள். அதைத் தனியாக எழுதினால் ஒரு மெகா சீரியலே ஓட்டலாம், இங்கே வேண்டாம்.

இப்போதைக்கு 102 பக்கம் யூனிகோடுக்கு வந்துவிட்டது, 41 பாக்கி. எக்ஸ்பிரஷன் வெப்பில் மாமா விலை மாற்றப் பழகிவிட்டார். "சேவ் பட்டன் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு" என்பது அவர் புகார். பழைய பொட்டியை எடைக்குப் போடலாம் என்று அத்தை சொல்கிறார். 41 பக்கமும் முடிகிறவரை கல்லாவுக்குக் கீழேயே இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.