தாத்தாவுக்கு ஒரு ஸ்வெட்டர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கார்த்திகை பிறந்துவிட்டால் செண்பகனூரில் கம்பளி இல்லாத வீடு அடுப்பு இல்லாத வீட்டுக்குச் சமம். கோடைக்கானல் நகரைவிடச் சற்றுத் தாழ்ந்த ஊர்தான் எங்களது. ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் மூடுபனி அதைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

எங்கள் தாத்தாவுக்கு இவ்வாண்டு மூச்சிரைப்பு அதிகம். "தை முடியும்வரை அப்பா வத்தலக்குண்டில் என்னோடு இருக்கட்டும்" என்று அத்தை சொல்லியனுப்பினார்கள். தாத்தா இசையவில்லை. 1895இல் இயேசு சபையார் இங்கே நிறுவிய திரு இருதயக் கல்லூரியின் ஆர்க்கிட் தோட்டத்தில் பாடுபட்டவர் அவர். 300க்கு மேற்பட்ட வகைகளில் பலவற்றை இலையைத் தொட்டே சொல்லிவிடுவார். இந்த மண்ணை விட்டு வெயிலூருக்குப் போவாரா? கிறிஸ்துமஸுக்கு அத்தை வரும்போது அறையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்கள் அப்பா. அன்றே நானும் தங்கையும் வேலையைத் தொடங்கிவிட்டோம்.

தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் அவருக்கு ஆகாது. கையை உயர்த்தினாலே மூச்சு வாங்கும். ஆகவே முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகன். பார்டருக்கு 11ஆம் எண் ஊசி, மற்றதற்கு 9. அங்குலத்துக்கு 6 கண்ணி என்று ஒரு சிறு சதுரம் பின்னி அளந்து, பின்பக்கத்துக்கு 116 கண்ணிகள் ஏற்றினோம். பார்டரில் ஒரு நிட், ஒரு பர்ல். அது ரப்பர்போல் இழுபட்டு உடலைப் பற்றிக்கொள்ளும். பள்ளி விட்டு வந்ததும் நான் பின்னுவேன். தங்கை வரிகளை எண்ணிக் கரிக்கோலால் குறிப்பாள். அவளிடம் ஊசியைக் கொடுத்தால் நூலை இறுக்கிவிடுகிறாள், ஆதலால் பைகள் மட்டும் அவள் பங்கு.

"கடையில் வாங்கிவிடலாமே?" என்று கேட்போர் உண்டு. கடைகளில் தொங்குபவற்றில் பல அக்ரிலிக் நூலாலானவை. ஆட்டுக் கம்பளியின் சிறப்பு வேறு. அதன் இழைகள் சுருண்டிருப்பதால் இடையே காற்று தங்கிச் சூட்டைக் காக்கும்; தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. மூடுபனி ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் மலையிலேயே, மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் 1965 முதல் இருக்கிறது. பாரத் மெரினோ என்னும் மென்கம்பளி ஆடுகள் அங்கே மேய்கின்றன. அந்த நூலே கிடைத்திருந்தால் எத்தனை பொருத்தம்! எங்கள் கைக்கு எட்டியது கம்பளி கலந்த நூல்தான். 50 கிராம் உருண்டைகள் பத்து, அம்மாவின் சீட்டுப் பணத்தில்.

அறைதான் பெரும்பாடு. தாத்தாவின் கட்டில் விறகடுப்புக்கு அடுத்த சுவரோரம் இருந்தது. சூடு கிடைக்கிறதென்று அவருக்கு மகிழ்ச்சி. புகையோ நெஞ்சுக்குப் பகை. மருத்துவரும் அதையே சொன்னார். மூன்று நாள் வாதாடி முன்னறைக்கு மாற்றினோம். சுவரில் பூத்திருந்த பூசணத்தைச் சுரண்டும்போது தாத்தாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சுண்ணாம்பு அடித்தோம். பாட்டியின் பழைய சேலையைக் குழாய்போல் தைத்து மரத்தூள் அடைத்துக் கதவடியில் வைத்ததும் காற்று நின்றது. ஜன்னலுக்குப் பருத்தித் திரை; வாரந்தோறும் துவைக்கலாம், தூசி சேராது. திரையின் ஓரத்தில் தங்கை ஆர்க்கிட் பூக்களை எம்பிராய்டரி செய்திருக்கிறாள். "இதழ் ஒன்று குறைகிறது" என்று தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குற்றம் கண்டுபிடித்தார்! சலேத் மாதா படத்தை அவர் படுத்தபடியே பார்க்கும் உயரத்தில் மாட்டினோம்.

திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம் இது. பின்பக்கமும் முன்பக்கங்கள் இரண்டும் வலது கையும் முடிந்துவிட்டன. இடது கை 9 அங்குலம் வளர்ந்திருக்கிறது. இன்னும் 8 வேண்டும். பொத்தான் பட்டியை இன்னும் எடுக்கவே இல்லை. பொத்தான்கள் மட்டும் தயார்: தாத்தா தம் பழைய கோட்டிலிருந்து ஆறைத் தாமே கத்தரித்து, தீப்பெட்டியில் போட்டு எங்கள் ஊசிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அத்தை வர இன்னும் 11 நாள்கள் இருக்கின்றன.