இனிய நாட்களை இத்தாலியத்தில் சொல்லுதல்

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில், உறவினரோடு பேசவே புதுமொழி கற்க நேர்வதும் உண்டு. என் தமக்கை இத்தாலி நாட்டு மிலான் நகரில் வாழ்கிறாள். அவள் மகளுக்குத் தமிழ் சற்றே விளங்கும். நாவில் தவழ்வது இத்தாலியமே. 2018 டிசம்பரில், ஐந்து வயதுச் சிறுமியாக, அவள் நாகபுரியில் எங்கள் ரயில்வே குடியிருப்பில் ஒரு மாதம் தங்கிக் களித்தாள். அந்நாட்கள் அவள் நினைவிலிருந்து மறையுமுன், அவள் மொழியிலேயே எடுத்துரைக்க விரும்பினேன். பள்ளியிறுதி வரை மட்டுமே படித்த குமாஸ்தாவாகிய நான் இத்தாலியம் பயிலத் தொடங்கியதன் காரணம் இதுவே.

கழிந்த இன்பத்தைச் சொல்ல அம்மொழியில் இருவகை இறந்தகாலம் வேண்டும். வழக்கமாக நிகழ்ந்ததற்கு ஒன்று. ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததற்கு மற்றொன்று. ‘மஞ்சாவாமோ’ என்றால் நாள்தோறும் உண்டு வந்தோம் என்பது பொருள். ‘சியாமோ அந்தாத்தி’ என்றால் ஒரு நாள் சென்றோம் என்பது பொருள். இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. “அப்பொழுதெல்லாம் காலையில் ஆரஞ்சு உண்போம், ஒரு நாள் அம்பாசரி ஏரிக்குச் சென்றோம்” என்று நாமும் கூறுகிறோம் அல்லவா? பழைய வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வினையையே எடுத்தாளும் நயம் நம் மொழிக்கு உண்டு.

‘மகிழ்ந்தேன்’ என்று கூறும்போது தமிழ் ஆண் பெண் பாராது. இத்தாலியத்திலோ ஆண்மகன் ‘மி சோனோ திவெர்த்தீத்தோ’ என்பான். பெண் ‘திவெர்த்தீத்தா’ என முடிப்பாள். இதைப் பழகச் சில வாரங்கள் ஆயின.

ஆனால் ‘பிடித்தது’ என்னும் இடத்தில் இரு மொழிகளும் கைகோத்து நின்றன. ஆங்கிலத்தில் விரும்புகிறவரே எழுவாய். தமிழிலோ, ‘எனக்குப் பழங்கள் பிடித்தன’ என்று பழங்களை எழுவாயாக்கி, வினையையும் அவற்றிற்கேற்பப் பன்மையாக்குகிறோம். ‘மி சோனோ பியச்சூத்தே லே அரான்ச்சே’ என்னும் இத்தாலியத் தொடரும் அவ்வாறே அமைந்தது. ஆங்கில வழியே சென்றிருந்தால் இடறியிருப்பேன். தாய்மொழி கைபிடித்து நடத்தியது.

சென்ற மாதம் தொலைபேசியில் மருமகளிடம் அக்கதையைச் சொன்னேன். நாள்தோறும் உண்ட பழங்களையும், ஒரு நாள் கண்ட ஏரியையும் கூறிவிட்டு, “பழங்கள் உனக்குப் பிடித்தனவா?” என்று அவள் மொழியில் வினவினேன்.

“சீ, மாமா! எரானோ தோல்ச்சி” என்றாள். ‘ஆம், இனிப்பாய் இருந்தன’ என்பது அதன் பொருள். அத்தனை இத்தாலியச் சொற்களிடையே ‘மாமா’ ஒன்றே தமிழாய் நின்றது.

அன்பர்களே, பிறமொழி பேசும் நம் பிள்ளைகளிடம் ஓர் இனிய நாளை அவர்கள் மொழியில் சொல்லிப் பாருங்கள். நம் மொழியில் அதனை மீண்டும் கேட்கும் விருப்பம் அவர்களுக்கு உண்டாகக்கூடும். என் மருமகளும் அடுத்த வாரம் அக்கதையைத் தமிழில் கேட்கிறேன் என்று கூறியிருக்கிறாள்.