உம்மாவின் முனாஜாத்தும் கணினியின் ஒலியமைப்பும்

முனாஜாத்து, நாமா, கிஸ்ஸா, தாலாட்டு என நம் முன்னோர் பாடிவந்தவற்றுள் பல அச்சேறியிருக்கின்றன. ஆனால் அவற்றை எவ்விடத்தில் இழைக்க வேண்டும், எவ்விடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பது எந்த நூலிலும் இல்லை. அது நம் வீட்டுப் பெண்களின் குரலில் மட்டுமே தங்கியிருக்கிறது. எங்கள் உம்மாவுக்கு வயது 76. தம் உம்மாவிடம் கேட்டுப் பழகிய முனாஜாத்துகளை அவர்கள் இன்றும் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். எனினும் ஒரே அமர்வில் இருமுறைக்கு மேல் பாட மூச்சு இடங்கொடுப்பதில்லை. ஆகவே உடன்பிறந்தார் மூவரும் சேர்ந்து அப்பாடல்களைச் செம்மையாகப் பதிந்து வைக்க முனைந்தோம்.

விலையுயர்ந்த மென்பொருளைப் பூட்டுடைத்துப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. பிறர் உழைப்பை உரிமையின்றி எடுத்துக்கொண்டு, இறைவனிடம் கையேந்தும் பாடலை அதில் பதிவது எங்களுக்குப் பொருந்தவில்லை. லினக்ஸும், அதில் இயங்கும் ஆர்டோர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளும் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை. வீட்டிலிருந்த பழைய கணினியே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. ஆயினும் லினக்ஸில் ஒலியைக் கையாள ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் உண்டு. எதைக் கொள்வது என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

அடித்தளமாக இருப்பது அல்சா. 2003 டிசம்பரில் வெளியான கெர்னல் 2.6 முதல் இதுவே லினக்ஸின் நிலையான ஒலி அடுக்கு. ஒலி அட்டையுடன் நேரில் பேசுவது இதுதான். இதன்மேல் அமர்ந்து, பல மென்பொருள்களின் ஒலியைக் கலந்து ஒரே ஒலிபெருக்கிக்கு அனுப்புவது பல்ஸ் ஆடியோ. அன்றாடப் பயனுக்கு ஏற்றது; பாடகர் தம் குரலை உடனுக்குடன் கேட்பதற்காக அமைந்ததன்று. அத்தேவைக்கென ஆர்டோரைத் தொடங்கிய பால் டேவிஸ் உருவாக்கியது ஜாக். தாமதம் மிகக் குறைவு. ஆனால் ஒலி அட்டையைத் தன்வசம் எடுத்துக்கொள்வதால் பிற மென்பொருள்கள் ஊமையாகிவிடும். இவ்விரண்டின் பணியையும் ஒன்றாக்க வந்தது ரெட் ஹேட்டில் பணியாற்றும் விம் டேமன்ஸின் பைப்வயர். 2021இல் வெளியான ஃபெடோரா 34 முதல் அது அங்கு இயல்பிருப்பாயிற்று.

தாமதம் என்பது யாது? கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்பாமல், சிறு குடங்களில் நிரப்பி அனுப்புகிறது. அக்குடத்துக்குப் பஃபர் என்று பெயர். விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, 1024 மாதிரி கொள்ளும் பஃபர் நிரம்ப ஏறத்தாழ 21 மில்லி விநாடி ஆகும். உள்ளே வருவதும் வெளியே செல்வதும் சேர்ந்தால் 40ஐத் தாண்டும். அவ்வளவு பிந்தித் தம் குரல் காதொலிப்பானில் விழுந்தபோது உம்மா, "யாரோ என் பின்னாலேயே பாடுறாங்க வாப்பா" என்று நிறுத்திவிட்டார்கள். பஃபரை 128ஆகக் குறைத்தால் அது நிரம்ப 2.7 மில்லி விநாடியே ஆகும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க எடுக்கும் நேரத்தைவிடவும் இது குறைவு. ஆனால் எங்கள் பழைய கணினி அந்த வேகத்துக்கு ஈடுகொடாமல் இடையிடையே 'டிக்' என்ற ஒலியை எழுப்பியது. மூச்சு அரிதான பாடலில் அத்தகைய ஒரு கறையும் பெரிய இழப்பே.

முடிவில் பைப்வயரைத் தேர்ந்து, பஃபரை 256இல் நிறுத்தினோம். ஆர்டோர் அதனுடன் ஜாக் வழியாகவே பேசிக்கொள்ளும். அதற்கான பைப்வயர்‑ஜாக் தொகுப்பை மட்டும் நிறுவியிருக்க வேண்டும். மேலும், எங்கள் யூஎஸ்பி ஒலி இடைமுகத்தில் நேரடிக் கேட்பு வசதி இருந்தது. அதைத் திருப்பினால் மைக்கில் புகும் குரல் கணினிக்குள் செல்லாமலே காதொலிப்பானை அடையும். உம்மா தயக்கமின்றிப் பாடினார்கள். மறுநாள் அக்குரலைக் கேட்டபடியே தம்பி தஃப் தட்டிப் பதிந்தான். கலவைப் பணியின்போது உடனடிக் கேட்பு தேவையில்லை. ஆதலால் பஃபரை மீண்டும் 1024க்கு உயர்த்தினோம். கணினியும் இளைப்பாறியது.

இம்முயற்சியில் இறங்க எண்ணும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுவே. புதிய லினக்ஸ் வழங்கலில் பைப்வயர் ஏற்கெனவே இருந்தால் அதை மாற்ற வேண்டா. மிகப் பழைய கணினியில் ஆர்டோர் ஒன்றை மட்டுமே இயக்குவீர்களாயின், அதை நேரே அல்சாவுடன் இணைத்தால் போதும். பல ஆண்டுகளாக ஜாக்கில் பழகியவர்கள் அதிலேயே தொடரலாம். எதைத் தேர்ந்தாலும், பஃபர் அளவைப் பெரியவர்களை அமர்த்துவதற்கு முன்பே உங்கள் குரலில் சோதித்து முடித்துவிடுங்கள். சோதனைக்கு நம் குரல் எத்தனை முறையும் கிடைக்கும். அவர்கள் குரல் அப்படிக் கிடைப்பதன்று.

இதுவரை பதினொரு முனாஜாத்துகள் பதிவாகியுள்ளன. எஞ்சியவற்றை, உம்மாவின் உடல்நலம் இடந்தரும் நாள்களில், இன்ஷா அல்லாஹ், ஒவ்வொன்றாகப் பதிவோம்.