பலகையின் கடைசிச் சொல்

கடைவீதியில் நடக்கும்போது பெயர்ப் பலகைகளைப் படிப்பது எனக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. "அன் சன்ஸ்", "அன் கோ", "பிரைவேட் லிமிடெட்" என்று எத்தனை வகை! இவை வெறும் அலங்காரமா? இல்லை நண்பர்களே, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர் எங்கள் தம்மம்பட்டி. என் அப்பா பட்டறையில் உளி பிடிப்பவர், பள்ளிக்கூடம் போனதில்லை. "லிமிடெட்னா பெரிய கம்பெனிப்பா, காசு எங்க போயிடும்?" என்று நம்பி ஒரு கம்பெனிக்குக் கடனுக்குச் சிற்பங்கள் கொடுத்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். முதலாளியின் மாடி வீடு மட்டும் அப்படியே நிற்கிறது. "இது என்னடா நியாயம்?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்தானே! பதிலைத் தேடினேன்.

லிமிடெட் என்றால் 'பெரியது' அல்ல, 'வரையறுக்கப்பட்டது'. தனி ஆளின் கடை கடன்பட்டால் அவர் சொத்து முழுவதும் பதில் சொல்ல வேண்டும். கூட்டு வியாபாரத்தில் கூட்டாளிகள் அனைவரும் பொறுப்பு. லிமிடெட் கம்பெனியிலோ, பங்குத் தொகையோடு பங்குதாரரின் பொறுப்பு முடிந்தது! இங்கிலாந்தில் 1855-இல் இந்தச் சலுகையைக் கொடுத்தபோதே, பெயரின் கடைசியில் அந்தச் சொல்லைப் போடவேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டது. சலுகை அவர்களுக்கு, எச்சரிக்கை நமக்கு!

அதற்காக லிமிடெட் என்றாலே ஏமாற்று என்று எண்ணிவிடாதீர்கள். 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் லிமிடெட்தான். பங்கு ஒன்று 25 ரூபாய். போனால் அந்த 25 ரூபாயோடு போகும் என்ற தைரியம் இருந்தால்தானே ஊரார் கூடி முதல் போட முடியும்? நம் சேலம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் லிமிடெட் என்றுதான் முடிகிறது.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, ஒவ்வொரு கம்பெனியும் தன் அலுவலகங்களுக்கு வெளியே பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் எழுதி வைக்கச் சொல்கிறது. ஊர் மக்களின் மொழியிலும் இருக்கவேண்டுமாம். பில்லிலும் கடிதத்தாளிலும் 21 எழுத்தும் எண்ணுமான அடையாளம் வேண்டும். அதில் பதிவான ஆண்டும் மாநிலமும்கூட அடக்கம். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் தண்டம். ஆனால் நடைமுறையில் வியாபாரப் பெயர் யானை அளவு, சட்டப் பெயர் எறும்பு அளவு!

எனவே தோழர்களே, தோழியரே! நாளை வேலைக்குச் சேர்ந்தாலும், சொந்தத் தொழில் தொடங்கினாலும், பலகையைக் கடைசிச் சொல் வரை படிப்போம். லிமிடெட் என்றால் முன்பணம் கேட்போம், கணக்கை எழுத்தில் வாங்குவோம். படிக்காத நம் பெற்றோருக்கும் வாசித்துக் காட்டுவோம். அவர்கள் வியர்வை சிந்திப் படிக்க வைத்தது அதற்கும் சேர்த்துத்தானே!